பழைய மரச்சாமானுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது வரும் பிழைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பழைய மேசை, நாற்காலி, அலமாரி, இரும்பு பீரோ ஆகியவற்றைக் குறைந்த செலவில் வீட்டிலேயே பிரஷ் கொண்டு எனாமல் பெயிண்ட் அடித்துப் புதுப்பிக்க முயன்று, பாதி வேலையிலோ வேலை முடிந்த பிறகோ ஏதேனும் ஒரு குறையைக் கண்டு கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் சாமானில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். இன்னும் வேலையைத் தொடங்காதவர்கள் முழுவதையும் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஏனெனில் இங்கே சொல்லப்படும் பிழைகளில் பெரும்பாலானவை, பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறப்பதற்கு முன்பே செய்யப்பட்டவை.

செலவைப் பற்றி முதலிலேயே ஒரு கணக்கு. 6 அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள பீரோவின் முன்புறம் 18 சதுர அடி, இரு பக்கங்களும் சேர்ந்து 18, மேல்தட்டு நாலரை. ஆக, வெளியே தெரியும் பரப்பு 40 சதுர அடிக்குச் சற்றே மேல். ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி வரும் என்பதால், இரண்டு பூச்சுக்கும் ஒரு லிட்டர் தாராளம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு லிட்டர் வாங்கும் பணத்தை உப்புத்தாளுக்கும் பிரைமருக்கும் திருப்பிவிடுங்கள்.

தொடங்குவதற்கு முன்னால் இன்னும் ஒன்று. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் போகக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அத்தகைய பழைய பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வரும் குழம்பைத் துணியால் துடைத்தெடுத்து அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகத்தால் கீறினால் பெயிண்ட் தோல்போல் உரிந்து வருகிறது

அதிகம் பேர் சந்திக்கும் பிழை இதுதான். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிய, கண்ணில் படாத ஓரிடத்தில் பிளேடால் நெடுக்கும் குறுக்குமாக, 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறாறு கோடுகள் கீறி, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். ஓரிரு கட்டங்கள் மட்டும் பெயர்ந்தால், உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்து கொள்ளலாம். பாதிக் கட்டங்கள் நாடாவோடு வந்துவிட்டால் முழுப் பூச்சையும் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதன்மேல் இன்னொரு பூச்சு அடித்தால், உரியும்போது இரண்டும் சேர்ந்தே உரியும்.

அடுத்து, உரிந்த துண்டின் அடிப்புறத்தைப் பாருங்கள். அது வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருந்தால், பழைய வார்னிஷையோ மைக்காவையோ தேய்க்காமல் அதன்மேலேயே அடித்திருக்கிறீர்கள் என்று பொருள். அடிப்புறத்தில் தூசி ஒட்டியிருந்தால், தேய்த்த பிறகு துடைக்கவில்லை. இரண்டும் இல்லாமல் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் காரணம் அழுக்கு. நாற்காலியில் தலை சாயும் இடம், கைப்பிடி, சமையலறை அலமாரியின் கதவு ஆகிய மூன்று இடங்களிலும் பல வருடத்துத் தலையெண்ணெயும் தாளிப்பு எண்ணெயும் ஊறிக் கிடக்கும். உப்புத்தாளால் அதைத் தேய்த்தால் எண்ணெய் போகாது, மரத்தின் துளைகளுக்குள் இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். எனவே முதலில் கழுவ வேண்டும், பிறகே தேய்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியதால் வீணான வேலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழுவுவதற்குப் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பே போதும். பிசுக்கு கடுமையாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்துத் துடைத்து, பின்னர் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும். சோடா பட்டால் தேக்கு கறுத்துப்போகும். பெயிண்டுக்கு அடியில் அது தெரியாது என்பதால் கவலையில்லை, ஆனால் பாலிஷ் மட்டும் போட நினைப்பவர்கள் சோடாவைத் தொடக் கூடாது. நன்றாக உலர்ந்த பின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்துப்போல் திரண்டு நின்றால் மெழுகோ எண்ணெயோ இன்னும் இருக்கிறது; பரவினால் தேய்க்கத் தொடங்கலாம். மரத்துக்கு 120 எண் தாளில் தொடங்கி 180க்குப் போகலாம். மைக்காவுக்கு 180 எண் தாளால் பளபளப்பு முற்றிலும் மங்கும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, ஒரு நாள் விட்ட பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும். அப்படிச் செய்தும் மைக்கா மேசையின் மேற்பரப்பில், தினமும் தட்டும் டம்ளரும் உரசும் இடத்தில், எனாமல் அதிக நாள் தாங்காது. கதவுக்கும் பக்கப் பலகைக்கும் தாங்கும்.

நாட்கணக்கில் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை

எனாமல் வெறுமனே ஈரம் ஆவியாகி உலர்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. காற்றுப் படாத தடிமனான பூச்சில் மேலே மெல்லிய ஏடு கட்டி, உள்ளே பல வாரங்கள் இளகியே இருக்கும். ஒரு வருடம் ஐப்பசி மழையில், ஒரே நாளில் முடித்துவிடும் அவசரத்தில் ஓர் அலமாரிக்குக் கனமாக அடித்தேன். டர்பன்டைன் தீர்ந்துபோனதால் மண்ணெண்ணெயும் கலந்தேன். எட்டாம் நாள் தட்டுகளில் செய்தித்தாள் விரித்துத் துணிகளை அடுக்கினேன். பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போது தாளை எடுக்க முடியவில்லை, கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தலைப்புச் செய்தி இடவலம் மாறிய எழுத்தில் தட்டில் அப்படியே பதிந்திருந்தது. அந்தத் தட்டு இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த ஒரே வேலையில் மூன்று காரணங்களும் சேர்ந்துவிட்டன: கனமான பூச்சு, மழைக்கால ஈரக்காற்று, மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் மெதுவாக ஆவியாகும். அதோடு சிறிது எண்ணெய்ப் பிசுக்கையும் விட்டுச் செல்லும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சிலர் அதைக் கலக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நான்காவது காரணம் தேக்கு. அந்த மரத்தின் இயற்கையான எண்ணெய்ப் பசை எனாமல் இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஆகவே பூச்சு எதுவும் இல்லாத வெறும் தேக்கில் பிரைமர் அடிப்பதற்குச் சற்று முன்பாகத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். ஐந்தாவது, பல வருடங்களாக வீட்டில் கிடந்த பழைய டப்பா. நெடுநாள் வைத்திருக்கும் பெயிண்டில், உலர்வதற்காகச் சேர்க்கப்பட்ட பொருள் செயலிழந்து போவதுண்டு. அத்தகைய பெயிண்டை முதலில் ஒரு தகரத் துண்டில் அடித்து, மறுநாள் தொட்டுப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஏற்கெனவே பிசுபிசுப்பாக இருக்கும் சாமானை நிழலில், காற்றோட்டமான இடத்தில், கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்துவைத்து, மின்விசிறியைப் போட்டு, பத்து நாட்களுக்குத் தொடாமல் விடுங்கள். ஒவ்வொரு நாளும் சிறிதளவேனும் இறுகி வந்தால் பொறுத்திருக்கலாம். பத்தாம் நாளும் விரல்ரேகை பதிகிறது என்றால் அது இனி இறுகாது; பட்டி (பள்ளம் நிரப்பும் மாவு) வைக்கும் தகட்டால் சுரண்டியெடுத்து, டர்பன்டைன் துணியால் துடைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிசுபிசுப்பின்மேல் டால்கம் பவுடர் தூவும் வைத்தியம் ஒன்று உண்டு. அது பிழையை மறைக்குமே தவிர நீக்காது.

வெள்ளைப் பெயிண்டில் பழுப்பு அல்லது சிவப்புக் கறை ஊறி வருகிறது

முதல் பூச்சு தூய வெள்ளையாக இருந்து, மறுநாள் காலையில் ஆங்காங்கே தேநீர்க் கறைபோல் மஞ்சளும் பழுப்பும் தெரிந்தால், மரத்திலுள்ள சாறோ பழைய பாலிஷில் கலந்த சாயமோ மேலே ஊறுகிறது என்று அறியலாம். கறை கணுக்களைச் சுற்றி வட்டமாக இருந்தால் அது மரத்தின் பிசின். இளஞ்சிவப்பாகப் பரப்பு முழுவதும் படர்ந்தால், மலிவான மரத்தை ஈட்டி மரம்போலக் காட்டப் பழைய ஆசாரி பூசிய சாயம். ஆணியைச் சுற்றிக் கறுப்பாக இருந்தால் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டான கறை.

வெள்ளையை மீண்டும் மீண்டும் அடித்து இதை மூட முடியாது. மூன்றாவது, நான்காவது பூச்சிலும் ஊறி வரும், பெயிண்ட்தான் தீரும். கறைக்கும் பெயிண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். செலவு குறைந்த தடுப்பு அரக்கு. ஹார்டுவேர் கடையில் அரக்குச் செதில் வாங்கி, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் வரை போட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினால் பாலிஷ் தயார். ஓர் அலமாரிக்குக் கால் லிட்டரே அதிகம். கறையின்மேல் மெல்லியதாக இரண்டு பூச்சு, இடையில் ஒரு மணி நேரம்; அது உலர்ந்ததும் 220 எண் தாளால் லேசாக வருடிவிட்டு வெள்ளை அடிக்கலாம். ஸ்பிரிட் விரைவில் தீப்பற்றும் என்பதால் அடுப்பும் பூஜை விளக்கும் எரியும் அறையில் இதைச் செய்யக் கூடாது. பிசின் அதிகமாகக் கசியும் மரத்துக்கு அலுமினியம் பிரைமரும் நல்ல தடுப்பு. அதன் சாம்பல் நிறத்தை மறைக்க மட்டும் வெள்ளை ஒரு பூச்சு கூடுதலாகும். ஆணிக் கறைக்கு, ஆணியைப் பிடுங்கியோ உள்ளே இறக்கியோ பட்டி வைத்துவிட்டுப் பின்னர் அரக்கு அடியுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கருத்து ஒன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைப்பது போன்ற பர்மாத் தேக்கோ ஈட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், அதற்கு வெள்ளை எனாமல் அடிப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். கறை ஊறுவதே அந்த மரம் சொல்லும் மறுப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். பெயிண்ட் என்பது மாமரம், ரப்பர் மரம், பிளைவுட், இரும்பு ஆகியவற்றுக்கு உரியது.

அடித்துக்கொண்டிருக்கும்போதே பெயிண்ட் சுருங்கிச் சுருங்கி எழும்புகிறது

புதிய பூச்சிலுள்ள கரைப்பான் அடியிலுள்ள பழைய பூச்சை இளக்குவதால் இது நேர்கிறது. எனாமல் அடித்த சாமானின்மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரையோ, என்.சி. தின்னர் கலந்த ஸ்பிரே பெயிண்டையோ அடித்தால் சில நிமிடங்களிலேயே முதலையின் தோல்போல் ஆகிவிடும். தலைகீழ் வரிசையில், அதாவது நன்கு உலர்ந்து தேய்த்த என்.சி. மேல் எனாமல் அடித்தால், சுருக்கம் வராது. எது எதன்மேல் இருக்கிறது என்று தெரியாதபோது, மறைவான இடத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்; பிசுபிசுத்தால் பழைய பூச்சு அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்குக் கரைந்தால் லேக்கர். கரையாமல் சுருங்கி எழும்பினால் எனாமல்.

எனாமல்மேல் எனாமலே அடித்தும் சுருக்கம் வந்திருந்தால், முதல் பூச்சு உலருமுன் அடுத்ததை அடித்திருப்பீர்கள், அல்லது உச்சி வெயிலில் வைத்து அடித்திருப்பீர்கள். சுருங்கியதைத் தேய்த்துச் சமன் செய்ய உடனே முயல வேண்டாம். இளகிய பெயிண்ட் உப்புத்தாளை அடைத்துவிடும். ஒரு வாரம் இறுகவிட்டு, வாட்டர் பேப்பரால் சமன் செய்து, மெல்லியதாக அடியுங்கள். கொப்புளம் எழும்பியிருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள்: உள்ளே மரம் ஈரமாக இருந்தால் சாமானை உலர்த்துவதே முதல் வேலை.

சாமானுக்கு அடியில் மாவுபோல் தூள் கொட்டுகிறது

குண்டூசித் தலையளவு துளைகளும், விரலில் தேய்த்தால் முகப் பவுடர்போல் மென்மையாக இருக்கும் தூளும் தெரிந்தால், மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. மண்ணால் ஆன கூடும் ஓடையும் தெரிந்தால் அது கரையான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கரையான் தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ வருவதால், சாமானை மட்டும் பார்த்துப் பயனில்லை. சுவரை முதலில் கவனிக்க வேண்டும்.

உளுப்பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதை அறிய, துளைகளைத் தட்டிச் சுத்தம் செய்து, அடியில் கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் காத்திருங்கள். புதிய தூள் விழவில்லை என்றால் துளைகளைப் பட்டியால் அடைத்து மேலே போகலாம். விழுந்தால், பெயிண்ட் அடிக்கும் முன்பே மருந்து போட வேண்டும். பெயிண்டின்மேல் பூசும் மருந்து உள்ளே இறங்காது. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பூச்சு நீக்கிய வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை பிரஷால் அடித்து, துளைகளுக்குள் சிரிஞ்சால் செலுத்துங்கள். கையுறை அவசியம், குழந்தைகளின் தொட்டிலுக்கும் உணவுப் பொருள் வைக்கும் பெட்டிக்கும் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு வாரம் உலர்ந்த பிறகு பிரைமர் அடிக்கலாம். விரலால் அழுத்தினாலே உள்வாங்கும் அளவுக்கு உளுத்த காலை மருந்து காப்பாற்றாது. ஆசாரியிடம் கொடுத்து அந்தக் காலை மட்டும் மாற்றிக்கொள்வதே சிக்கனம்.

பட்டி வைத்த இடம் வெடிக்கிறது, குழிகிறது அல்லது தனியாகத் தெரிகிறது

வெடித்தால், சுவர்ப் பட்டியை மரத்தில் வைத்திருக்கிறீர்கள். வெள்ளை சிமெண்டில் செய்த சுவர்ப் பட்டி சுவரைப்போல் அசையாத பரப்புக்கானது. மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும் மரத்தில் அது நிற்காது. வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று எடுத்து வைப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. முழுவதையும் தோண்டி எடுத்துவிடுங்கள்.

குழிந்தால், ஆழமான பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பியிருக்கிறீர்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள பள்ளத்தை அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் உலர்ந்த பிறகு நிரப்ப வேண்டும். சிறிய பள்ளத்துக்கு மலிவான பட்டி, சலித்த மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்துச் செய்வது. உடைந்த முனைக்கும் பெயர்ந்த விளிம்புக்கும் எம்-சீல் போன்ற இருபகுதிப் பசையே சரி. இரண்டு பகுதிகளையும் சம அளவு எடுத்து நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து வையுங்கள். பழைய பெயிண்டர்கள் சாக்பவுடரை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துச் செய்யும் எண்ணெய்ப் பட்டியும் நன்றாகவே உழைக்கும், ஆனால் உலரப் பல நாட்கள் பிடிக்கும். அந்த எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை. விரித்து வெளியே உலர்த்திய பின் எறியுங்கள்.

பட்டி வைத்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், அது பெயிண்டை அதிகமாக உறிஞ்சுகிறது என்று பொருள். அந்த இடத்துக்கு மட்டும் பிரைமரைத் தொட்டு வைத்து, உலர்ந்ததும் கடைசிப் பூச்சை அடித்தால் மறைந்துவிடும்.

பலகையின் விளிம்பு ரொட்டிபோல் உப்பியிருக்கிறது

மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் குடித்திருக்கிறது. உப்பியது பழையபடி அமுங்காது. நன்றாக உலர்த்தி, உப்பலைத் தேய்த்து எடுத்து, விளிம்பில் ஃபெவிகாலைச் சிறிது தண்ணீரில் கரைத்து இரண்டு முறை பூசி, அதன்பின் பிரைமர் அடித்தால் மேலும் உப்பாமல் நிறுத்தலாம். கழுவுதொட்டிக்கு அடியில் நிற்கும் அலமாரியானால் அதற்குக்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

இரும்பு பீரோவில் பெயிண்டுக்கு அடியிலிருந்து துரு மீண்டும் வருகிறது

துருவை முழுவதும் நீக்காமல் மூடியிருக்கிறீர்கள். கம்பி பிரஷால் தேய்த்து, பின்னர் 80 எண் எமரி தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். கடலோர ஊர்களில் ஒரு இரவு விட்டாலே புதிய துரு படரும் என்பதால் "அன்றே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். துருவைச் சுற்றி நல்ல பெயிண்ட் என்று தோன்றும் இடத்தையும் இரண்டு விரற்கடை அகலத்துக்குச் சுரண்டிப் பாருங்கள். துரு பெயிண்டுக்கு அடியிலேயே நகர்ந்திருக்கும். பீரோவின் அடிப்பாகத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள், தரை துடைக்கும் தண்ணீர் முதலில் தாக்குவதும் அதைத்தான். பீரோவைச் சாய்த்து அதற்கும் பிரைமர் அடித்துவிட்டு, கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். தகடு ஓட்டையாகியிருந்தால் பட்டியால் அடைக்காமல், சிறு தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

சிறு குறைகள்

அரக்கு பாலிஷோ லேக்கரோ மழைநாளில் பால்போல் வெளுத்தால், விரைவாக ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்வித்து, காற்றின் ஈரத்தை அதன்மேல் படியச் செய்திருக்கிறது. வெயில் வந்த நாளில், அரக்கானால் ஸ்பிரிட்டில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே ஓட்டமாக வருடுங்கள், தெளிந்துவிடும். பிரஷ் தடங்கள் தெரிந்தால் பெயிண்ட் கெட்டியாக இருக்கிறது. பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் போகாமல் டர்பன்டைன் கலந்து கொள்ளுங்கள்.

நாற்காலி ஆடினால் பெயிண்டைத் தொடுவதற்கு முன்பே மூட்டுகளைக் கழற்றி, பழைய வச்சிரப் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பசை போட வேண்டும். பழைய பசையின்மேல் புதுப்பசை பிடிக்காது. இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாதவர்கள் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி நான்கு கால்களையும் சுற்றி இழுத்துக் கட்டலாம், ஒரு முழு நாள் அவிழ்க்காமல் இருந்தால் போதும்.

பெயிண்ட் அடித்த பிறகு இழுப்பறை சிக்கினால், உரசும் பக்கங்களில் பெயிண்ட் ஏறியிருக்கிறது. அங்கே பெயிண்டைச் சுரண்டி வெறும் மரமாக்கி, மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மட்டும் சிக்கும் இழுப்பறையை இழைப்புளியால் சீவாதீர்கள். பங்குனியில் அது தானே தளர்ந்துவிடும், சீவியது கோடையில் லொடலொடக்கும்.

பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரே நாளில் வந்துவிட்டாலும் முழுமையாக இறுக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை கதவுகளைத் தாழிடாமல் சற்றே திறந்து வைத்திருங்கள்; கனமான பொருள் எதையும் மேலே வைக்க வேண்டாம், செய்தித்தாளை நிச்சயமாக விரிக்க வேண்டாம்.